எல்லாவற்றுக்கும் ‘ஞானோதயம்’ என்று ஒரே சொல்லா? ஓர் இணைய வகுப்பு பற்றி

எட்டு வார இணைய வகுப்பு. ஒவ்வொரு சமய மரபும் ஞானம் என்று எதைச் சொல்கிறது என்பதுதான் பாடம். போன வாரம் முடித்தேன். சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நேராகவே சொல்கிறேன், தாராளமாகச் சேரலாம், ஆனால் முதல் இரண்டு வாரத்தைப் பொறுமையாகக் கடக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரமும் ‘எல்லா நதியும் கடலில்தான் சேரும்’ என்கிற ஒரே பல்லவி. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடக் குறிப்பில் பௌத்தத்தின் போதி, நிர்வாணம், இந்து மரபுகளின் மோட்சம், சமணத்தின் கேவல ஞானம், சூஃபிகளின் ஃபனா எல்லாவற்றுக்கும் ‘ஞானோதயம்’ என்றே போட்டிருக்கிறார்கள். இதுதான் எனக்கு வருத்தம். உதயம் என்றால் ஒன்று எழுவது. நிர்வாணம் என்றால் அணைந்துபோவது. பற்று, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீயும், எண்ணெயும் திரியும் தீர்ந்த விளக்குபோல அடங்குவது. எழுவதற்கும் அணைவதற்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் புத்தர் என்ன சொன்னார் என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் வாரம் வேறு ஆசிரியர் வந்தார், அங்கிருந்து வகுப்பே மாறிவிட்டது. அவர் எல்லா மரபிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: அடைந்த பிறகு, அடைந்தவர் இருக்கிறாரா?

ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்கிற அத்வைதத்தில் தனி ஆள் என்று ஒருவர் இருந்ததே இல்லை, அறியாமை விலகியது அவ்வளவுதான், அது உயிரோடு இருக்கும்போதே நடக்கலாம். ராமானுஜர் இதை ஒப்பவில்லை. உடல் விழுந்த பிறகுதான் வீடுபேறு, அங்கேயும் உயிர் உயிராகவே இருந்து பெருமாளுக்குத் தொண்டு செய்யும். சைவ சித்தாந்தத்துக்கு வந்தபோது ஆசிரியர் ‘தாடலை’ என்று ஒரு சொல்லை மட்டும் திரையில் எழுதினார். தாள் என்றால் திருவடி, அதோடு தலை. இரண்டும் சேரும்போது ள், த இரண்டும் போய் நடுவில் ட வந்து நிற்கிறது, படிக்கும்போது ஒரே சொல், ஆனால் தாளும் தலையும் வேறு வேறுதான். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களின் பிடி விட்ட உயிர் சிவத்தோடு கூடுவது இப்படித்தானாம். புணர்ச்சி விதியை வைத்து முத்தியை விளக்கிய மரபு நம்முடையது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது, அந்தப் பகுதியை மட்டும் மூன்று முறை கேட்டேன்.

சமணம் இன்னொரு திசை. அங்கே கேவல ஞானம் என்றால் முக்காலத்தையும் எல்லாப் பொருளையும் முழுதாக அறிவது. வினையெல்லாம் உதிர்ந்த உயிர் உலகத்தின் உச்சிக்குப் போய் நிற்கும், யாரோடும் கலப்பதில்லை.

இஸ்லாமிய ஞான மரபான சூஃபி பற்றிய பாடம் ரொம்பச் சின்னது. ‘நான்’ கரைகிற ஃபனாவைச் சொன்னார்கள், அதற்குப் பின் இறைவனில் நிலைத்திருக்கும் பகாவைச் சொல்லாமலே முடித்துவிட்டார்கள், பாதிக் கதைதான் கிடைத்தது. பௌத்தத்தின் ஒரு கிளையான ஜென் பற்றிய பாடம் நன்றாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டு ஜப்பானில் டோகென் என்கிற துறவி, தியானத்தில் அமர்வது ஞானத்துக்கான வழி மட்டும் இல்லை, அமர்வதே ஞானம் என்று சொன்னாராம். ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் 10 நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்வார்கள், அதுவரை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்த நான் அன்று அப்படிப் பார்க்கவில்லை.

குறிப்பில் அந்தந்த மரபின் சொல்லையே போடுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அப்புறம், இரண்டாம் வாரத்தோடு விட்டுவிட்டவர்கள் யாராவது இருந்தால் நேராக மூன்றாம் வாரத்தைத் திறந்து கேளுங்கள்.