காலை ஆறரை மணிப் படத்துக்கு எந்தக் கேமரா?

சிங்கப்பூரில் வீட்டுப் படம் எடுக்க நினைப்பவருக்கு முதல் தொல்லை வெளிச்சம்தான். 1982 ஜனவரி 1 அன்று நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. பள்ளிப் பேருந்து அதுவரை காத்திருக்காது. பாட்டி பேத்திக்குப் பின்னல் போடுவது, அம்மா ஒரு கையில் மைலோவும் மறு கையில் காலுறையுமாக ஓடுவது, லிஃப்ட் வாசலில் டாட்டா காட்டுவது எல்லாம் இருட்டோடு இருட்டாக முடிந்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது மறுபடியும் இருட்டு. ஆக, வார நாள்களில் நாம் வீட்டில் வாழ்வதே டியூப்லைட் வெளிச்சத்தில்தான். கேமரா விளம்பரங்களில் வரும் மாதிரிப் படங்களைப் பார்த்து முடிவெடுத்தால் இந்த இடத்தில்தான் கை சுடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கேமராவைக் கண்டதும் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? எனக்கு மெகாபிக்சலை விட இதுதான் முக்கியம். இந்த இரண்டையும் வைத்து நான்கு வகைகளைப் பார்ப்போம்.

ஃபிலிம் மேல் இளைஞர்களுக்கு மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. கோடக் கோல்டு 200 சுருள் (200 என்பது ஒளி உணர்திறன் எண், ஐஎஸ்ஓ; எண் கூடக்கூட மங்கல் வெளிச்சத்திலும் எடுக்கலாம்) போட்டுப் பகலில் எடுத்தால், காரிடார் துளசிச் செடியும் தேக்காவில் குவித்து வைத்த மல்லிகையும் அழகாகவே வரும். ஆனால் அதே சுருளை வைத்துக்கொண்டு டியூப்லைட்டில் பின்னல் போடுவதை எடுக்கப் போனால், எட்டில் ஒரு நொடி அளவுக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் இருக்குமா? ஃபிளாஷ் உள்ள டிஸ்போசபிள் கேமரா ஒரு வழி. கோடக் ஃபன்சேவரில் ஐஎஸ்ஓ 800 ஃபிலிம், 27 படம். முகம் பளீரென்றும் பின்னால் எல்லாம் கறுப்பாகவும் விழும். பழைய கல்யாண ஆல்பம் போல இருக்கிறது என்று சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பின்னால் இருக்கும் சாமி மாடமும் வேண்டும். ஃபிலிமுக்கு ஒரு பெரிய நன்மை மட்டும் இருக்கிறது: "எங்க காட்டு... ஐயோ, நல்லாவே இல்ல, அழி" என்று அம்மாவால் சொல்ல முடியாது.

எடுத்ததும் படத்தைத் தாளிலேயே வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் மினி வேறு ரகம். ஒரு பாக்கெட்டில் 10 தாள், படம் 62க்கு 46 மில்லிமீட்டர். தரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. இது வைத்துக்கொள்வதற்கான படம் இல்லை, கொடுப்பதற்கான படம். தினமும் தே ஓ கலக்கிக் கொடுக்கும் கோப்பிக் கடை அங்கிளிடம் அந்த இடத்திலேயே ஒரு படத்தை நீட்ட வேறெந்தக் கேமராவாலும் முடியாது. அதற்கு மட்டும் வாங்கலாம்.

உண்மையான போட்டி கைபேசிக்கும் பாக்கெட்டில் போடுகிற டிஜிட்டல் கேமராவுக்கும்தான். இரண்டாவதற்கு ரிக்கோ ஜிஆர் 3ஐ எடுத்துக்கொள்வோம்.

இருட்டில் கைபேசி கெட்டிக்காரன். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் நைட் மோட் 2018, 2019 வாக்கில் பரவத் தொடங்கியதிலிருந்து, டியூப்லைட்டே இல்லாத காரிடாரிலும் ஏதோ ஒரு படம் வந்துவிடுகிறது. வம்பும் அங்கேதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி மற்ற விளக்குகளை அணைத்து வைத்தால், கைபேசி அந்த அறையை டாக்டர் கிளினிக் மாதிரி வெளிச்சமாக்கிக் காட்டும். விளக்குச் சுடரைத் தொட்டுவிட்டு வெளிச்ச அளவைக் கீழே இழுத்தால் இருட்டு இருட்டாகவே நிற்கும். இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பாதிக் குறை தீர்ந்தது.

ஐபோனில் லைவ் ஃபோட்டோ என்று ஒன்று உண்டு. பட்டனைத் தொடுவதற்கு ஒன்றரை நொடி முன்னும் பின்னும் ஒலியோடு பதிவாகும். பாட்டியின் "ஆடாம நில்லுடி"யும் படத்தோடு வந்துவிடுகிறது. ரிக்கோவில் இது கிடையாது.

இடமும் கைபேசிக்கே சாதகம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பின்னால் நகர்ந்தால் முதுகு ஃபிரிட்ஜில் இடிக்கும். ரிக்கோவின் 28 மி.மீ. லென்ஸ் அங்கே திணறும். கைபேசியின் அல்ட்ரா வைட், அதாவது இன்னும் அகலமாகக் காட்டும் லென்ஸ், அடுப்பையும் அலமாரியையும் ஒன்றாகப் பிடித்துவிடும். ரோச்சோர் சென்டர் என்ற வீவக குடியிருப்பை 2018இல் இடிக்கத் தொடங்குவதற்கு முன்பு, வண்ணம் பூசிய அந்த நான்கு புளோக்குகளையும் எத்தனை பேர் வெளியிலிருந்து எடுத்தார்கள்! அங்கே குடியிருந்தவர்களுக்கு இன்று தேவைப்படுவது சமையலறை ஜன்னல் படமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: அல்ட்ரா வைட்டில் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டுப் போகும். ஆளை நடுவில் வையுங்கள்.

சரி, அப்படியென்றால் ரிக்கோ எதற்கு? சுமார் 260 கிராம்தான், சட்டைப் பைக்குள் போகும். தூரத்தை இரண்டு மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால் ஃபோகஸ் தேடாமல் அழுத்திய கணமே படம். நைட் மோடில் கைபேசி "அசையாதே" என்று கெஞ்சும் நேரத்தில் பின்னலே முடிந்திருக்கும். அதைவிட முக்கியம், அதில் வாட்ஸ்அப் இல்லை. படம் எடுக்கக் கைபேசியைத் திறந்து, அலுவலகச் செய்தியைப் பார்த்து, பதில் தட்டிவிட்டு நிமிர்ந்தால் பள்ளிப் பேருந்து போயிருக்கும். எடுத்த படமும் குடும்ப குரூப்புக்குள் போய் ரோஜாப்பூ குட்மார்னிங்குகளுக்கு நடுவில் புதைந்துவிடும்.

ஆனால் கேமராவைக் கண்டால் பாட்டி சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். முதல் இரண்டு வாரம் எல்லாம் போஸ்தான், பிறகு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கைபேசியிலும் இந்தத் தொல்லை உண்டு. மார்பளவில் பிடித்து ஒலி பட்டனால் எடுத்தால் குறையும்.

ரிக்கோவை வாங்கினால் செலவு அதோடு நிற்காது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரத்தை 40, 50 சதவீதத்தில் வைக்கும் டிரை கேபினட் ஒன்றும் தேவை. ஏர்கான் அறையில் இரவெல்லாம் வைத்திருந்து காலையில் காரிடாருக்கு எடுத்து வந்தால், கண்ணாடி மூடுபனி போட்டுக்கொள்ளும். ஹாலில் வைத்துப் பழகுங்கள்.

என் முடிவு: வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கைபேசியே போதும், மிச்சமாகும் வெள்ளியில் மாதம் பத்துப் பதினைந்து படங்களை 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குல) அளவில் பிரிண்ட் போடுங்கள். கைபேசியைக் கையில் எடுத்தாலே வேலை நினைப்பு வருகிறது என்பவர்களுக்கு மட்டும் ரிக்கோ. அதையும் பழையதாக வாங்கப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போவதாக இருந்தால், லென்ஸுக்குள் டார்ச் அடித்து நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் லென்ஸ் துளையை மிகச் சிறியதாக்கி (எஃப்16) வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சென்சாரில் தூசி புகுந்திருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். இந்த வரிசைக் கேமராக்களுக்கு அது தெரிந்த வியாதி. புள்ளி இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், குறைக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடங்கள்.