ஏற்காட்டில் ஒரு நாள் நடைப்பயணச் சேவை: நிதானத்துக்கு முழு மதிப்பெண், தட்டுவடைக்கு இல்லை

மலேசியாவிலிருந்து சித்தப்பா குடும்பத்தினர் சேலம் வந்திருந்தபோது, ஏற்காட்டை வேன் ஜன்னல் வழியாக மட்டும் காட்டி அனுப்ப மனமின்றி, ஒண்டிக்கடைப் பக்கம் உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு நாள் நடைப்பயணச் சேவையை ஏற்பாடு செய்தேன். காப்பித் தோட்டங்களின் ஊடாக நடை, சேர்வராயன் குகைக் கோயில், ராஜராஜேஸ்வரி கோயில், மாலையில் பகோடா பாயிண்ட் என்பது அவர்கள் வகுத்திருந்த நிரல். வேன் வாடகை, மதிய உணவு, வழிகாட்டியின் கூலி மூன்றும் கட்டணத்தில் அடக்கம்.

வழிகாட்டியாக வந்தவர் இம்மலையின் பழங்குடியினரான மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவர். வயதானவர்களின் நடைவேகத்தையே குழுவின் வேகமாக வைத்துக்கொண்டு, எந்த இடத்திலும் கடிகாரத்தைப் பார்க்காமல் எங்களை அழைத்துச் சென்றார். சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறியிருந்த மிளகுக் கொடிகளையும் அவற்றின் நிழலில் சிவந்திருந்த காப்பிப் பழங்களையும் காட்டியவர், தோட்டக்காரரிடம் முன்பே அனுமதி பெற்றிருந்ததால் ஒரு பழத்தைப் பறித்துப் பிதுக்கினார். வழவழவென்று வெளிவந்த இரண்டு கொட்டைகளைச் சித்தி வாயில் போட்டுப் பார்த்து, “இவ்வளவு இனிப்பா!” என்று வியந்தார். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்த செய்தியையும் அந்த இடத்தில் நின்றே சொன்னதால், அது பாடம் கேட்பதுபோல் இருக்கவில்லை.

இந்த நாளின் சிறப்பு சேர்வராயன் கோயில்தான். சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், காற்று ஓயாத ஒரு புல்வெளியின் நடுவே இருக்கிறது அக்குகை. பத்துமலையில் 272 படிகள் ஏறி, அண்ணாந்து பார்க்க வேண்டிய பெருங்குகைக்குள் நுழைந்து பழகிய சித்தப்பா, இங்கே படிகளுக்குப் பதிலாக முதுகை வளைத்து, ஈரச் சுவரில் கை வைத்து, இருட்டில் மெதுவாக உள்ளே சென்று சேர்வராயனையும் காவேரியம்மனையும் வணங்க வேண்டியிருந்தது. குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. சுற்றுலா வேன்களில் வந்தவர்கள் கலையும்வரை எங்களை வெளியே புல்லில் உட்காரவைத்து, அதன் பிறகே உள்ளே அனுப்பிய வழிகாட்டியின் பக்குவத்துக்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன். நாமாகச் சென்றிருந்தால் வரிசையில் முண்டியடித்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

ராஜராஜேஸ்வரி கோயிலில் நிம்மதியான தரிசனம் கிடைத்தது. மதியத்துக்குத் தந்த புளியோதரையும் தயிர் சாதமும் நன்றாகவே இருந்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முன்பதிவின்போது “எளிய நடை” என்றார்கள். ஆனால் தோட்டத்துச் சரிவு ஒன்றில் பனியில் நனைந்த இலைகள் வழுக்கியபோது, முழங்கால் வலியுள்ள சித்தப்பாவுக்கு ஊன்றிக்கொள்ள ஒரு மூங்கில் தடிகூட அவர்களிடம் இல்லை. வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். மாலைச் சிற்றுண்டியாகச் சேலத்துத் தட்டுவடை செட் தருவதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே சட்னி தடவி, துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வைத்துக் கட்டிவிட்டதால், பகோடா பாயிண்டில் பிரித்தபோது தட்டுவடை நமத்து, கையில் எடுத்தவுடன் வளைந்தது. கடித்தவுடன் நொறுங்காத தட்டுவடையைச் சேலத்துக்காரன் விருந்தாளிக்கு எப்படி நீட்டுவது?

கோடை விழா நடக்கும் மே மாதத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இந்த நிதானம் கிடைக்காது. காப்பிப் பழம் பழுக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், சனி ஞாயிறு தவிர்த்து முன்பதிவு செய்யுங்கள். ஊன்றுகோல் கொண்டுவரச் சொல்லுங்கள், சட்னியைத் தனியாகக் கட்டித் தரும்படியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.