ஒரே பெயரில் இரண்டு போசா நோவா

1950களின் இறுதியில், ரியோ டி ஜெனிரோவில், ஒரு கிட்டாரையும் தணிந்த குரலையும் மட்டுமே நம்பி வளர்ந்த போசா நோவா என்னும் பிரேசில் இசைவகையை, 'பிக் பேண்ட்' எனப்படும் பெரிய ஜாஸ் குழுவிடம் ஒப்படைப்பது எளிதான காரியம் அன்று. ட்ரம்பெட்டுகளும் ட்ராம்போன்களும் சற்றே ஓங்கினாலும் அதன் நளினம் அடிபட்டுவிடும். 1962இல் பதிவாகி, 'பிக் பேண்ட் போசா நோவா' என்ற ஒரே தலைப்பைத் தாங்கிய இரு இசைத்தட்டுகள் இச்சிக்கலுக்கு இருவேறு விடைகளைத் தந்தன.

அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸின் தட்டுக்கு இசைக்கோவை அமைத்த கேரி மெக்ஃபார்லண்ட், பெருங்குழுவைப் பெரும்பாலும் அடக்கியே வாசிக்க வைத்தார். மரக்குழல் கருவிகளும் ஜிம் ஹாலின் கிட்டாரும் மெல்லிய பின்னணி விரிக்க, கெட்ஸின் டெனர் சாக்ஸபோன் பாடகரின் இடத்தில் நின்று மெட்டை மூச்சுக் கலந்த குரலாகவே பாடுகிறது.

மற்றத் தட்டை உருவாக்கிய அமெரிக்க இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸோ குழுவின் வலிமையை மறைக்கவில்லை. அவரது 'சோல் போசா நோவா'வில், தோலின் உட்புறம் பொருத்திய குச்சியை ஈரத்துணியால் தேய்த்து ஒலியெழுப்பும் குயிக்கா என்ற பிரேசில் மேளம் முனக, புல்லாங்குழல் துள்ள, பித்தளைக் கருவிகள் முழங்குகின்றன. குயிக்கா, போசா நோவாவுக்கு மூலமான சம்பா என்னும் ஆட்ட இசையின் தெரு வடிவத்துக்குரிய கருவி என்பதால், போசா நோவா துறந்துவந்த ஆரவாரமே இங்கு திரும்பி வருகிறது. ஆடுவதற்கு ஜோன்ஸின் தட்டே சிறந்தது. ஆனால் இரண்டிலும் இடம்பெறும், பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் 'ஒற்றைச் சுரச் சம்பா'வில், நகராத சுரத்தின் அடியில் நழுவும் ஒத்திசைவுகளைக் கேட்க விரும்புவோருக்கு நான் மெக்ஃபார்லண்டையே பரிந்துரைப்பேன்.