ஃபிஸ்டுலா ஊசி: எந்த வகைக்குக் காசு கொடுக்கலாம்?

டயாலிசிஸில் ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் எந்தக் கம்பெனி, எத்தனை தடவை கழுவிப் பயன்படுத்தியது என்று விசாரிக்கும் குடும்பங்கள்கூட ஊசியைப் பற்றிக் கேட்பதில்லை. கிட்டில் மலிவான பொருள்களில் அதுவும் ஒன்று என்பதால் இருக்கலாம். ஆனால் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலா எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் டயாலைசரைவிட ஊசிக்குத்தான் பங்கு அதிகம். வாரம் மூன்று டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் ரத்தத்தை இழுக்க ஒன்று, திருப்பி அனுப்ப ஒன்று என இரண்டு ஊசி என்றால் வருஷத்துக்கு 312 குத்து. ஒவ்வொன்றும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு தழும்பு.

முதலில் அளவு. கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும். 17 கேஜின் வெளிவிட்டம் சுமார் 1.5 மி.மீ., 16 கேஜ் 1.6, 15 கேஜ் 1.8. அற்ப வித்தியாசமாகத் தெரியும். ஆனால் உள் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப ஓட்டம் மாறுவதால் பலன் பெரிது. புதிதாக முதிர்ந்த ஃபிஸ்டுலாவில் முதல் சில தடவைக்கு 17 கேஜும் நிமிடத்துக்கு 200 முதல் 250 மி.லி. பம்ப் வேகமும் போதும். 300-350க்கு ஏறும்போது 16 கேஜ். அதற்கு மேல் 450 வரை 15 கேஜ்.

ஊசி போதுமா என்பதை மெஷினே சொல்லிவிடும். ரத்தத்தை இழுக்கும் பக்கத்து அழுத்தமான ஆர்டீரியல் பிரஷர் மைனஸ் 200ஐத் தாண்டினால் ஊசி சிறிது, அல்லது முனை சுவரில் ஒட்டியிருக்கிறது. மைனஸ் 250ஐத் தாண்டவே விடக்கூடாது. அவ்வளவு உறிஞ்சும்போது பம்புக்குள் இருக்கும் டியூப் நசுங்குகிறது. திரையில் 300 என்று காட்டினாலும் உள்ளே போகும் ரத்தம் அதைவிடக் குறைவு. சிவப்பணுக்களும் உடையலாம். நான்கு மணி நேரம் படுத்திருந்தும் யூரியா இறங்கவில்லை என்றால், டயாலைசரைச் சந்தேகப்படும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். 17ஐ மாற்றி 16 போட்டும் எண் அப்படியே நின்றால் குறை ஊசியில் இல்லை. தமனியும் சிரையும் இணைந்த இடத்துக்கு அருகே குழாய் சுருங்கியிருக்கக்கூடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பாக்கெட்டில் முதலில் தேட வேண்டியது பின்துளை. ஊசியின் சாய்வு முனைக்குப் பின்புறம் முட்டை வடிவில் இன்னொரு துளை இருக்கும். முனை சுவரில் ஒட்டினாலும் ரத்தம் இந்த வழியே வரும். இது இல்லாத ஊசியில் ஓட்டம் குறைந்தால் டெக்னீஷியன் ஊசியின் பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் இறக்கையைப் பிடித்து ஊசியைப் புரட்டுவார். புரட்டினால் உள்சுவர் கிழியும், குத்திய துளை அகலமாகிக் கசியும். அதனால் இழுக்கும் பக்கத்து ஊசிக்காவது பின்துளை கட்டாயம் வேண்டும் என்பதே எங்கள் தீர்ப்பு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஊசியைப் பாதி மட்டும் நுழைத்து நிறுத்தினால் பின்துளை சதையில் நின்றுவிடும். திரும்பும் பக்கத்தில் இப்படி ஆனால் ரத்தம் சதைக்குள் பாய்ந்து கை வீங்கும்.

சுழலும் இறக்கை, நிலையான இறக்கை இரண்டுமே நல்லவை. மெல்லிய சுவர் கொண்ட ஊசி கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். அதே வெளிவிட்டத்தில் உள்வழி பெரிதாகக் கிடைக்கிறது. கூர்மையில் மட்டும் சமரசம் வேண்டாம். மழுங்கிய முனையை அழுத்தித் தள்ளும்போது அது திடீரென உள்ளே பாய்ந்து பின்சுவரையும் துளைத்துவிடும். முதல் குத்தில் வீக்கம் வரும் சம்பவங்கள் ஒரே பேட்ச் ஊசியில் திரும்பத் திரும்ப நடந்தால் பேட்ச் எண்ணைக் குறித்து சென்டரில் எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் அதே துளையில் குத்தும் பட்டன்ஹோல் முறைக்கான மழுங்கிய ஊசியை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது. 1970களில் போலந்தில் டாக்டர் ட்வார்டோவ்ஸ்கி தொடங்கிய முறை இது. வீட்டிலேயே தானே குத்திக்கொள்பவர்களுக்கு அருமையானது. முதலில் ஒரே ஆள், ஒரே துளையில், ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் கூர் ஊசியால் பத்துத் தடவை போலக் குத்தினால்தான் பாதை உருவாகும். ஷிஃப்டுக்கு ஒரு டெக்னீஷியன் மாறும் சென்டரில் அது நடக்காது. பொருக்கை முழுதாக எடுக்காமல் ஊசி நுழைத்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். செயற்கைக் குழாயான கிராஃப்டில் இதைப் பயன்படுத்தவே கூடாது.

பிளாஸ்டிக் கேனுலா ஜப்பானில் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. குத்தியபின் உலோகத்தை உருவிவிடுவார்கள், மெல்லிய குழாய் மட்டும் உள்ளே நிற்கும். முழங்கைக்கு அருகே ஃபிஸ்டுலா உள்ளவர்களுக்கும், கையை அசையாமல் வைத்திருக்க முடியாத முதியவர்களுக்கும் செலவைப் பார்க்காமல் இதைச் சொல்வோம். குத்தும் பழக்கம் வேறு, அதனால் பழகிய கை வேண்டும்.

எவ்வளவு நல்ல ஊசியும் குத்தும் இடத்தின் தவறை ஈடுகட்டாது. வலி தெரியாது என்று ஒரே இடத்தைச் சுற்றிக் குத்திக்கொண்டிருந்தால் சுவர் பலவீனமாகி அங்கே பலூன் போல் வீங்கும். குழாயின் நீளம் முழுக்க இடம் மாற்றி ஏணிப்படியாகக் குத்தச் சொல்லுங்கள். திரும்பும் ஊசி எப்போதும் இதயத்தை நோக்கியே இருக்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இல்லையென்றால் சுத்தமான ரத்தமே மறுபடி மெஷினுக்குள் சுற்றும். ஒட்டும் டேப்பை இறக்கைக்கு அடியிலிருந்து மேலே குறுக்காகக் கொண்டுவந்து கட்டுங்கள். ஊசி போட்ட கையைப் போர்வையால் மூடாதீர்கள். திரும்பும் ஊசி கழன்றாலும் அலாரம் சில சமயம் அடிக்காது. 300 வேகத்தில் மூன்றே நிமிடத்தில் 900 மி.லி. ரத்தம் போய்விடும்.

எடுக்கும்போது ஊசி முழுதாக வெளியே வந்த பிறகே அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும்போது அழுத்தினால் கூர்முனை குழாயைக் கீறும். இரண்டு விரலால் 10 முதல் 15 நிமிடம் அழுத்துங்கள், அதிர்வு விரலுக்குத் தெரியும்படியான பலம் போதும். 20 நிமிடம் தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை, திரும்பும் பக்கத்து அழுத்தமான வீனஸ் பிரஷரும் வாரா வாரம் ஏறுகிறது என்றால் ஊசி பிராண்டை மாற்றிப் பயனில்லை. மேலே எங்கோ அடைப்பு உருவாகிறது. ரத்தக்குழாய் நிபுணரை அந்த வாரமே பாருங்கள்.