மூன்று மாதம் பழைய புதன்கிழமை

புதன்கிழமை வந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். அமெரிக்காவில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கடைக்கு வரும் நாள் அது. டிசி கம்பெனி மட்டும் 2020இல் செவ்வாய்க்கு மாறிப் போனது; 2024இல் மறுபடியும் புதனுக்கே வந்து சேர்ந்தது. நியூயார்க்கில் கடை திறக்கும் நேரம் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வேலந்தாவளத்தில் இரவு ஏழரை, எட்டரை. மண்டிக் கணக்கை முடித்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஆனால் நான் பார்ப்பது பட்டியலை மட்டும்தான். அன்றே வாங்கக் கட்டுபடியாகாது. ஒரு இதழ் 3.99 டாலர், சிலது 4.99. கதை இருபது பக்கத்துக்குச் சற்று மேலே. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை விழுந்த நாளில் அந்தக் காசுக்கு இரண்டு பெட்டி தக்காளி வரும். மண்டியில் கணக்கெழுதுகிறவனுக்குப் புத்தி இப்படித்தான் ஓடும்.

அதனால்தான் மார்வல் கம்பெனியின் காமிக்ஸைப் போனிலேயே படிக்கத் தரும் செயலியான மார்வல் அன்லிமிடெட் சந்தாவுக்கு வந்தேன். மாதம் 9.99 டாலர், நம் பணத்தில் எண்ணூறு ரூபாய்க்கு மேல். இரண்டரைப் புது இதழ் வாங்கும் காசு. அதற்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள். 1960களின் ஸ்பைடர்மேன் முதல் சமீபத்தியது வரை எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: கடைக்கு வந்த புத்தகம் இங்கே வர மூன்று மாதம் ஆகும்.

இந்த மூன்று மாதத்துக்காக நிறையப் பேர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. புதன் இரவு பட்டியலில் பிடித்ததை மண்டி டைரியில் மூன்று மாதம் தள்ளி எழுதிவைப்பேன். பாகற்காய் வரவுக்கும் லாரி வாடகைக்கும் நடுவில் 'ஸ்பைடர்மேன் 7' என்று இருக்கும். முதலாளி ஒருமுறை பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பார்ட்டி?" என்று கேட்டார்.

2024 ஜனவரி 10 அன்று புது 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' முதல் இதழ் வந்தது. ஜோனதன் ஹிக்மன் எழுத்து, மார்கோ கெக்கெட்டோ ஓவியம். இதில் பீட்டர் பார்க்கர் பள்ளிக்கூடப் பையன் இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற ஆள். சிலந்திச் சக்தி அதற்கு அப்புறம்தான் கிடைக்கிறது. பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். என் வயசுக்காரனுக்கென்றே எழுதியது போல இருந்தது. டைரிக் கணக்குப்படி எனக்கு அது ஏப்ரலில். இந்தப் பக்கம் விஷு, அந்தப் பக்கம் சித்திரைப் பிறப்பு. காத்திருந்தேன். மார்ச் மாதமே கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் முழுக் கதையையும் கொட்டிவிட்டார். மூன்று மாதத் தாமதத்தில் இருக்கிற நிஜமான தொல்லை இதுதான். அவரோடு இன்றைக்கும் பேசுகிறேன், காமிக்ஸ் தவிர.

காத்திருப்பது எங்களுக்குப் புதுசும் இல்லை. சின்ன வயசில் ராணி காமிக்ஸ் எல்லை தாண்டி எங்கள் பஸ் ஸ்டாப் கடைக்கு வருவதற்குள் பொள்ளாச்சிப் பையன்கள் படித்துக் கிழித்திருப்பார்கள். அதில் முகமூடி வீரர் மாயாவி என்றால் வேதாளர், அதாவது ஆங்கிலத்து ஃபேண்டம். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்தவரோ இரும்புக்கை மாயாவி. மலையாளம் மீடியம் படிக்கும் என் அக்கா மகனிடம் மாயாவி என்றால், மலையாளச் சிறுவர் இதழை நினைத்துக்கொண்டு, "பாலரமாவில வர்ற குட்டிச்சாத்தான்தானே மாமா?" என்கிறான். ஒரே வீட்டில் மூன்று மாயாவிகள். அவனுக்கு இரும்புக்கையை விளக்கிச் சொல்லப் போய், "மின்சாரம் பாய்ஞ்சா ஆளே மறைஞ்சு கை மட்டும் தெரியும்" என்றேன். "அப்ப ஃப்யூஸ் போனா?" என்று கேட்டான்.

சரி, செயலிக்கு வருகிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போய்விடும், கூடவே சிக்னலும். இதழ்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடிவதால் பிழைத்தேன். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி போனில் படிக்க உதவுகிறது. ஆனால் இரண்டு பக்கத்துக்கு விரிந்த ஓவியம் அதில் துண்டு துண்டாகிவிடும். ஓவியர் பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை. அதற்காகவே பழைய டேப் ஒன்று வாங்கினேன். போனுக்கென்றே மேலிருந்து கீழாக வரையப்பட்ட கதைகளும் இருக்கின்றன. மருமகனுக்கு அவைதான் பிடிக்கும். எனக்கு அது காமிக்ஸ் மாதிரியே இல்லை.

பேட்மேன், சூப்பர்மேன் இங்கே கிடையாது. அவர்கள் டிசி வீட்டுப் பிள்ளைகள். புதன் பட்டியலில் அந்தப் பகுதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. வாசிப்பு முழுக்க ஆங்கிலம், தமிழ் இல்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை கழித்து, ஐந்துக்கு மூன்றரை தருவேன். வாரம் இரண்டு இதழாவது படிப்பவர் சந்தா கட்டலாம். படிக்காதவருக்கு எண்ணூறு ரூபாய் வீண்.

வரும் புதனுக்கு டைரியில் மூன்று பெயர் இருக்கிறது. மூன்றும் எனக்குப் புதுசு. கோயம்புத்தூர் நண்பரை மியூட்டில் போட்டிருக்கிறேன்.