ஜன்னல் சீட்டா, நடைபாதை ஓரமா?

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானத்தில் போனாலே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அடிக்கடி போகிறவர்கள் சீட் எடுக்கும்போது தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

தூக்கம்
ஜன்னல்: சுவரில் தலையணை வைத்துச் சாயலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.
ஓரம்: கண் அசரும்போது உணவு வண்டி முழங்கையில் இடிக்கும்.

எழுந்து நடப்பது
ஜன்னல்: இரண்டு பேரை எழுப்ப வேண்டும். அந்தத் தயக்கத்திலேயே பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள், அது தப்பு. கேபின் காற்று மிகவும் வறண்டது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.
ஓரம்: நினைத்தபோது எழலாம்.

இறங்குவது
ஓரம்தான் வேகம். அடுத்த விமானத்தைப் பிடிக்க நேரம் குறைவென்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஓர சீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. 3-4-3 வரிசையுள்ள போயிங் 777-ல் நடுவில் இருக்கும் நான்கில் ஓரத்தை எடுங்கள். உங்களைத் தாண்டிப் போக வேண்டியவர் ஒருவர்தான், ஜன்னல் பக்க ஓரத்தில் இரண்டு பேர்.

இரவு விமானம், நல்ல தூக்கம், வயதும் சின்னது என்றால் ஜன்னல். சர்க்கரை, மூட்டுவலி, கர்ப்பம், ரத்தக்கட்டி வந்த வரலாறு என்றால் கண்டிப்பாக ஓரம். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது இதை மறக்காதீர்கள். அவர்களாக வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.