கலவையா, தனித்தனியா: கூகுளில் எப்படித் தேடுவது?

2007 மே மாதம் 'யுனிவர்சல் சர்ச்' வரும் வரை, கூகுளில் படமோ செய்தியோ வேண்டுமென்றால் பெரும்பாலும் அதற்கான தாவலுக்கு (tab) நாமாகத்தான் போக வேண்டும். அதன்பிறகு எல்லாம் கலந்து ஒரே பக்கம்.

தாராசுரம் என்று தட்டிப் பாருங்கள். வரைபடம், கோயில் படங்கள், விக்கிப்பீடியா, காணொளி எல்லாம் ஒரே இலையில் பரிமாறின மாதிரி வரும். ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிக்கல் இரட்டை அர்த்தச் சொற்களில்தான். 'ஜாகுவார்' என்று தேடுகிறீர்கள். மேலே படவரிசை முழுக்கக் கார். கீழே விலங்கைப் பற்றிய இணைப்பு இருந்தாலும் கண் அங்கே இறங்காது. தேடலே தப்பு என்று சொல்லை மாற்றத் தொடங்கிவிடுவோம். நாலு படத்துக்கு அவ்வளவு செல்வாக்கு!

தாவலில் ஒரு தட்டல் கூடுதல், சரி. ஆனால் செய்திகளைத் தேதி வைத்து வடிகட்டலாம், படங்களை அளவும் நிறமும் பார்த்துப் பொறுக்கலாம். புதிய விஷயம் என்றால் நான் கலவைப் பக்கத்தில் தொடங்குவேன். தேவை தெளிவானதும் நேரே தாவல். ஒரே ஒரு தொல்லை, தாவல்களின் வரிசை தேடலுக்குத் தேடல் மாறும். பழக்கத்தில் கை போன இடத்தில் 'படங்கள்' இருக்காது.